ஓர் ஆணிகூட மாற்றவில்லை

எங்கள் வீட்டு முற்றத்து மாமரத்தின் கீழே அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு மொரிஸ் மைனர் கார் நின்றது. 1955ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. பச்சை நிறம், நான்கு கதவுகள், நடுவே ஒரு கம்பி பிரித்து நிற்கும் இரட்டை முன்கண்ணாடி, திரும்பும் வேளையில் கதவுத் தூணிலிருந்து வெளியே நீண்டு திசை சொல்லும் சிறிய கைகாட்டிகள். தபாற் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த அப்பா, 1964இல், இடமாற்றம் பெற்றுச் சென்ற வைத்தியர் ஒருவரிடம் அதனை வாங்கினார். தங்கையும் நானும் அந்த வண்டியிலேதான் பள்ளிக்கூடம் போனோம். 1985இல் தங்கையை மணப்பெண்ணாக ஏற்றிச் சென்றதும் அதுவே.

அந்த வண்டியைப்பற்றி நான் பலரிடம் பெருமையோடு சொல்லி வந்த வாசகம் ஒன்று உண்டு. “இதில் ஓர் ஆணிகூட மாற்றவில்லை” என்பதே அது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்ட உறவினருக்கு இதைச் சொன்னேன். கலியாண ஊர்வலத்துக்கு வண்டி கேட்டு வந்தவர்களுக்குச் சொன்னேன். வகுப்பறையில் மாணவருக்கும் சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்ல அது எனக்கே வேதவாக்காகிவிட்டது. அப்பா இருந்த காலத்தில், ஒரு முறை, அவர் காது கேட்கவும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “தம்பி, வண்டி ஓடுது, அது போதும்” என்றார். அடக்கமான மனிதர், தம் பொருளைத் தாமே புகழ விரும்பவில்லை என்று அதற்குப் பொருள் கொண்டேன்.

அப்பா 2006இல் காலமானார். பதினொரு ஆண்டுகள் கழித்து, 2017இல், வண்டியை விற்க வேண்டிய நிலை வந்தது. தங்கை தன் வீட்டைத் திருத்துவதற்கு வாங்கிய கடன் அவளுடைய கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. என்னுடைய ஓய்வூதியம் அதற்குக் கை கொடுக்கக்கூடியதன்று. பழைய கார்களைத் தேடிச் சேர்க்கும் கொழும்பு அன்பர் ஒருவர் வண்டியை வந்து பார்த்தார். நெடுநேரம் சுற்றிச் சுற்றி வந்தார், குனிந்தார், தரையில் படுத்து அடிப்புறத்தையும் பார்த்தார். நானும் வழக்கமான வாசகத்தைச் சொன்னேன். அவர் மறுத்துரைக்கவில்லை. ஊர் திரும்பியதும் கடிதம் எழுதினார். தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளில் வண்டியில் இருந்தவையெல்லாம் இன்றும் இருக்குமானால் ஒரு விலை. இல்லையேல் அதில் மூன்றில் ஒரு பங்கு குறையும். “தாங்கள் சொன்னதை நம்புகிறேன். எனினும் வாய்ச்சொல்லை ஆவணத்தோடு சேர்த்துப் பார்ப்பதே இத்துறையின் வழக்கம்” என்று பணிவோடு முடித்திருந்தார். முதல் விலை கிடைத்தால் தங்கையின் கடன் முழுவதும் தீரும். ஆகவே மிகுந்த உற்சாகத்தோடு என் வாசகத்தை நிரூபிக்கப் புறப்பட்டேன்.

ஒரு பழைய வண்டி தன் வயதையும் பிறப்பையும் பல இடங்களில் எழுதி வைத்திருக்கிறது. நமக்குத்தான் வாசிக்கத் தெரிவதில்லை. பொனற்றைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னேயுள்ள தகரச் சுவரில் ஒரு சிறு தகடு இருக்கும். அதில்தான் அடிச்சட்ட இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1950களின் மொரிஸ் வண்டிகளில் அந்த இலக்கத்துக்கு முன்னால் மூன்று எழுத்துகளும் இரண்டு எண்களும் வரும். எங்கள் வண்டியில் எஃப், ஏ, ஈ என்பன எழுத்துகள். எஃப் என்றால் மைனர். ஏ என்றால் நான்கு கதவுகள். ஈ என்றால் பச்சை. அடுத்து வந்த 2 என்ற எண், வலப்பக்கச் சுக்கானோடு ஏற்றுமதிக்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். உள்நாட்டிலேயே விற்க வேண்டிய வண்டியாயின் அங்கே 1 இருந்திருக்கும். கடைசி எண் எவ்வகை வர்ணம் பூசப்பட்டது என்பதற்கானது. ஐம்பது ஆண்டுகளாக வாரந்தோறும் துடைத்த தகட்டில் இத்தனை செய்தி இருந்ததை என் அறுபத்திரண்டாவது வயதிலேதான் அறிந்தேன்.

இங்கிலாந்தின் வோரிக்ஷயரில் கேய்டன் என்னும் ஊரில் பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய மொரிஸ், ஒஸ்ரின் முதலான தொழிற்சாலைகளின் உற்பத்திப் பேரேடுகள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. வண்டியின் அடிச்சட்ட இலக்கத்தையும் உரிமைச் சான்றையும் கட்டணத்தையும் அனுப்பினால், அந்த இலக்கத்துக்கு நேரே அன்றைய எழுத்தர் எழுதியதைப் பார்த்து ஒரு சான்றிதழ் தருவார்கள். எந்த நாளில் செய்து முடிக்கப்பட்டது, எந்த நாளில் வெளியேறியது, எங்கே அனுப்பப்பட்டது, என்ன நிறம், உட்புறம் எப்படி, எஞ்சின் இலக்கம் யாது, தொழிற்சாலையிலேயே மேலதிகமாகப் பொருத்தப்பட்ட உபகரணங்கள் எவை என்பன அதில் இருக்கும். வெளியேறிய பின் நடந்த எதுவும் அதில் இராது. விற்பனை நிலையத்தார் தாமாகப் பூட்டிக் கொடுத்தவையும் அதில் இடம்பெறா. பிள்ளை பிறந்த நாளின் குறிப்பு மட்டுமே அது. வளர்ந்த கதை வேறு இடத்தில் இருக்கிறது. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

அந்த இடைவெளியில் எங்களூர் மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு வண்டியை ஆராயத் தொடங்கினேன். எழுபத்தைந்து வயது தாண்டியவர். நான் அவரை அண்ணை என்பேன். அவர் என்னை மாஸ்ரர் என்பார். 1990களில் அவர் வன்னியில் இருந்தபடியால் எங்கள் வண்டியின் பழைய வரலாற்றை அறியார். ஆனால் இரும்பின் மொழியை அறிந்தவர்.

“மாஸ்ரர், துளையைப் பாருங்கோ” என்பதே அவர் எனக்குச் சொல்லித் தந்த முதற்பாடம். தொழிற்சாலையில் தகரத்துக்குத் துளையிட்ட பின்னரே வர்ணம் பூசுவார்கள். ஆகையால் பழைய துளையின் விளிம்பிலும் உட்புறத்திலும் அதே வர்ணம் படிந்திருக்கும். பிற்காலத்தில் எவரேனும் இட்ட துளையாயின் விளிம்பில் வர்ணம் வெடித்து உதிர்ந்திருக்கும். உள்ளே வெறும் இரும்பும் துருவும் தெரியும். இரண்டாவது பாடம் நிறத்தைப்பற்றியது. வெளிப்புறத்தை எத்தனை முறையும் புதிதாகப் பூசலாம். கதவின் உட்தட்டியைக் கழற்றிப் பார்த்தால் அங்கே முதல் நாளின் பச்சை அப்படியே இருக்கும். எங்கள் வண்டியில் இருந்தது. அதைக் கண்டபோது, இறந்துபோன ஒருவரின் இளமைப் படத்தைப் பெட்டியடியில் கண்டெடுத்தது போன்ற உணர்வு உண்டாயிற்று.

மூன்றாவது பாடம் உதிரிப் பாகங்களின் தேதி. அந்நாளில் பிரித்தானியக் கார்களின் மின்சார உபகரணங்களில் பெரும்பாலானவை பேர்மிங்காமில் இருந்த லூக்காஸ் நிறுவனத்தில் செய்யப்பட்டவை. டைனமோ, ஸ்ராட்டர், கண்ணாடி துடைக்கும் மோட்டர் முதலியவற்றின் உடலில் மாதத்தையும் ஆண்டையும் சிறு எண்களாக அடித்து விடுவது அவர்களின் வழக்கம். அந்தத் தேதி வண்டி செய்யப்பட்ட நாளுக்குச் சில வாரங்களோ மாதங்களோ முந்தியதாக இருந்தால் பாகம் வண்டியோடு பிறந்தது என்று நம்பலாம். பிந்தியதாக இருந்தால் பேச்சுக்கு இடமில்லை. எங்கள் கைகாட்டிகள் இரண்டிலும் 55 என்ற எண்ணைக் கண்டோம். 1961இல் மைனர் வண்டிகளுக்கு மினுங்கும் விளக்குகள் வந்த பிறகு, பலர் கைகாட்டியைக் கழற்றியெறிந்து ஓட்டையைத் தகரத்தால் மூடிவிட்டார்கள். அப்பா அப்படிச் செய்யவில்லை. கண்ணாடிகளின் மூலையிலும் ஒரு முத்திரை இருந்தது. ட்ரிப்ளெக்ஸ் என்ற பெயரைச் சுற்றியுள்ள சின்னஞ்சிறு புள்ளிகள் கண்ணாடி வார்க்கப்பட்ட காலத்தைச் சொல்கின்றன என்பதை அண்ணை காட்டித்தந்தார்.

முன்வலையின் சட்டங்கள் கிடையாக ஓடின; வேகமானி நடுவில் வட்டமாக இருந்தது. இவ்விரண்டும் 1954 ஒக்டோபருக்குப் பின் வந்த மாற்றங்கள். ஆகவே 1955க்குப் பொருந்தின. மின்கம்பிகளிற் சில இன்னும் பழைய நூலுறையோடு இருந்தன. அன்று மாலை வரை நாங்கள் கண்டவையெல்லாம் என் பக்கமே சாட்சி சொல்லின. நான் மனத்துக்குள் தங்கையின் கடனை அடைத்துவிட்டேன்.

மறுநாள் அண்ணை எஞ்சினின் அருகே மண்ணெண்ணெய்த் துணியோடு குனிந்தார். டைனமோவுக்கு மேலே, எஞ்சினின் உடலில், எண்ணெயும் அழுக்கும் கறுப்பாக உறைந்த ஓர் இடத்தை நெடுநேரம் துடைத்தார். ஒரு சிறு தகடு வெளிப்பட்டது. அதை வாசித்தவர் ஒன்றும் பேசாமல் துணியை என்னிடம் நீட்டினார். தகட்டின் இலக்கம் 10 எம்.ஏ. என்று தொடங்கியது.

1955இன் மைனருக்கு உரியது 803 சி.சி. எஞ்சின். அதன் இலக்கம் ஏ.பி.எச்.எம். என்று தொடங்க வேண்டும். எங்களுடைய பதிவுப் புத்தகத்திலும் அப்படியே எழுதப்பட்டிருந்தது. 10 எம்.ஏ. என்பது 1098 சி.சி. எஞ்சினுக்கு உரிய குறி. மைனரில் அந்த எஞ்சின் 1962இலேதான் வந்தது. பதிவுப் புத்தகம் ஒன்றைச் சொல்ல, இரும்பு வேறொன்றைச் சொல்லியது. ஏழாண்டுகள் பிந்திப் பிறந்த இருதயம் ஒன்று எங்கள் வண்டிக்குள் துடித்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு கண்கள் திறந்துகொண்டன. தகரச் சுவரில் வர்ணம் உதிர்ந்த விளிம்புகளோடு இரண்டு துளைகள் இருந்தன. பின்னிருக்கையின் உறையை உயர்த்திப் பார்த்தால் உள்ளே சுருள்வில்லே இல்லை. பலகையும் தும்பும் இருந்தன. நேற்றும் இவை அங்கேதான் இருந்திருக்கும். நிரூபிக்க வந்தவனின் கண்ணுக்கு நிரூபணங்கள் மட்டுமே தெரிந்திருக்கின்றன.

ஆறு வாரங்களின் பின் கேய்டனிலிருந்து சான்றிதழ் வந்தது. பச்சை நிறம், கொழும்புக்கு ஏற்றுமதி, வெப்பமூட்டி இல்லை. ஏ.பி.எச்.எம். என்று தொடங்கும் எஞ்சின் இலக்கமும் முழுமையாகத் தரப்பட்டிருந்தது. பதிவுப் புத்தகத்திலிருந்த இலக்கமும் இதுவும் எண் பிசகாமல் ஒத்திருந்தன.

அண்ணை அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், “மாஸ்ரர், இனிக் கஷ்டமில்லை. கடதாசி இரண்டும் ஒண்டாய் இருக்கு. தகடு மட்டும்தான் பிழை. ஒரு வெறுந்தகடு எடுத்து இந்த இலக்கத்தை அடிச்சுப் பூட்டினால் ஆர் கண்டது? எஞ்சின்ரை உருவமும் ஏறக்குறைய ஒண்டுதான்” என்றார். அவர் தீய மனிதர் அல்லர். எனக்கு இருந்த தேவையை அறிந்திருந்தார். அதற்கு உதவ நினைத்தார். அவ்வாறு இலக்கம் மாற்றி அடிக்கும் வேலை உலகெங்கும் பழைய கார்ச் சந்தைகளில் நடப்பதுதான் என்பதையும் நான் கேள்விப்பட்டிருந்தேன். உண்மையைக் காக்கவென்று தேடிப்பெற்ற சான்றிதழே பொய்க்கு வேண்டிய இலக்கத்தைக் கையில் கொடுத்துவிட்டதை எண்ணி வியந்தேன்.

வேண்டாம் என்று அந்த இடத்திலேயே சொன்னேன் என எழுத ஆசைதான். நான் சொன்னது அதுவன்று. “யோசிச்சுச் சொல்லுறன், அண்ணை” என்றேன்.

அன்றிரவு தங்கையின் வீட்டுக்குப் போனேன். எஞ்சின் மாறியிருக்கும் செய்தியை, ஏதோ ஒரு துக்கச் செய்தியைச் சொல்வதுபோலத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அப்பா நம்மிடம் மறைத்துவிட்டாரே என்றும் சொன்னேன். அவள் வியப்படையவேயில்லை.

“மாட்டு வண்டியிலையெல்லோ அந்த எஞ்சின் வந்தது. நான்தான் அரிக்கன் லாம்பு பிடிச்சனான்” என்றாள். சற்றுப் பொறுத்து, “அப்பா மறைக்கேல்லை, அண்ணா. நீங்கள் கேக்கவேயில்லை” என்றாள்.

1988 தொடக்கம் 2003 வரை நான் கொழும்பில் ஆசிரியனாக இருந்தேன். 1990இன் நடுப்பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டதையும், மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டினார்கள் என்பதையும் செய்தியாக அறிந்திருந்தேன். அது எப்படி நிகழ்ந்தது என்பதை அன்றிரவு தங்கையே எனக்கு விளக்கினாள். அரிதாகக் கிடைக்கும் சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை முடுக்குவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அப்பா ஒரு சிறு பிளாஸ்ரிக் போத்தலைத் தகரச் சுவரில் கொளுவி, மெல்லிய குழாய் ஒன்றினால் அதனைக் காபரேற்றரோடு இணைத்திருந்தாராம். அந்தத் துளைகள் இரண்டும் அந்தப் போத்தல் தொங்கிய கொளுவிக்காக இட்டவை.

மண்ணெண்ணெய் முழுவதும் எரிவதில்லை. எரியாத மீதி பிஸ்டனின் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் எண்ணெயில் கலந்துவிடும். எண்ணெய் தண்ணீர்போலாகி, உராய்வைத் தடுக்கும் வலிமையை இழக்கும். இவ்வாறு ஓராண்டு ஓடி, 1991இல் ஓர் இரவு, நோயாளி ஒருவரைப் பெரியாஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில் பழைய எஞ்சின் இறுகி நின்றுபோயிற்று. சில வாரங்களின் பின் எங்கோ ஒரு வளவில் கைவிடப்பட்டுக் கிடந்த மைனரின் எஞ்சினும் கியர்ப் பெட்டியும் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன.

“பின் சீற்?” என்று கேட்டேன். “அது நாவற்குழியிலை” என்றாள். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அயல்வீட்டுப் பாட்டி ஒருவர் இடுப்பு முறிந்து படுக்கையில் இருந்தார். அவரை நீட்டிப் படுக்க வைத்தாலன்றிக் கொண்டுபோக இயலாது. அப்பா பின்னிருக்கையைக் கழற்றி, பாயை மடித்து விரித்து அவரைக் கிடத்தினார். கழற்றிய இருக்கையை வண்டியின் கூரைமேல் கட்டிக்கொண்டு போனார்கள். நாவற்குழிக்கு அப்பால், கூரையில் வேறொரு குடும்பத்தின் மூட்டைகளை ஏற்றுவதற்காக அதனை வீதியோரத்தில் இறக்கி வைத்தார்கள். அன்று வண்டி ஓடிய தூரத்திலும் பார்க்க, சனத்தோடு சனமாகத் தள்ளப்பட்ட தூரமே கூட என்றாள் தங்கை. மறுவருடம் ஊர் திரும்பிய பின், தச்சர் ஒருவர் பலகையும் தும்பும் கொண்டு புதிய இருக்கையைச் செய்து கொடுத்தார்.

இவையெல்லாம் நடந்தபோது அங்கே நின்றவள் அவள். எட்டி நின்றவன் நான். எட்டி நின்ற எனக்குத்தான் ஓர் ஆணிகூட மாறாத வண்டி வேண்டியிருந்தது. நான் விட்டுச் சென்றபடியே எல்லாம் இருக்கின்றன என்று நம்பினால், இல்லாதிருந்த பதினைந்து ஆண்டுகளுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை அல்லவா?

புறப்படும்போது தங்கை அலுமாரியிலிருந்து ஒரு நீண்ட கணக்குப் புத்தகத்தை எடுத்துத் தந்தாள். அப்பாவின் கையெழுத்து. தபாற் கந்தோரின் ஒழுங்கு ஒவ்வொரு வரியிலும் இருந்தது. 1964 முதல் வண்டிக்குச் செய்த ஒவ்வொரு வேலையும், மாற்றிய ஒவ்வொரு பாகமும், திகதியும் தொகையும் இட்டுப் பதியப்பட்டிருந்தன. மறைத்தவர் எழுதும் புத்தகம் அன்று அது. 1990க்குப் பிந்திய பக்கங்களில் பயணங்களும் குறிக்கப்பட்டிருந்தன. “பிரசவம் — பெரியாஸ்பத்திரி — இரவு 2 மணி”; அதற்கு நேரே தொகை இருக்க வேண்டிய இடத்தில் “வாங்கவில்லை”. அப்படிப் பல வரிகள். 1991ஆம் ஆண்டுப் பக்கத்தில் இவ்வாறு இருந்தது: “எஞ்சினும் கியர்ப் பெட்டியும் மாற்றியது. காப்பு ஒரு சோடி. கச்சேரியில் பிறகு பதிய வேண்டும்.”

காப்பு அம்மாவுடையது. அவற்றைப்பற்றிக் கேட்டபோதெல்லாம், கழற்றி வைத்திருப்பதாகவே அம்மா இறக்கும் வரை சொல்லிவந்தார்.

கடைசி வாக்கியத்தில் என் பார்வை நிலைத்தது. எஞ்சின் மாற்றப்பட்டால் அதனை அரசாங்கப் பதிவில் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்நாட்களில் அவரால் அதைச் செய்து முடிக்க இயலவில்லை. பின்பு இடப்பெயர்வு; பின்பு முதுமை. ஆனால் செய்யவேண்டியது என்று எழுதி வைத்திருக்கிறார். வாழ்நாள் முழுவதும் பிறருடைய கடிதங்களைத் தவறாமல் சேர்ப்பித்த மனிதர் தம்முடைய ஒரே ஒரு கடமையை மகனுக்கு விட்டுச் சென்றிருக்கிறார். நானோ அதே இடத்தில் ஒரு பொய்த் தகட்டைப் பூட்டுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் மொரிஸ் மைனரின் வரலாற்றைத் தேடித் தேடி வாசித்தேன். அதிலே ஒரு செய்தி எனக்குப் பெரும் ஆறுதல் தந்தது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் அந்தக் காரை வடிவமைத்தார். 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அது உலகுக்குக் காட்டப்பட இருந்தது. எல்லாம் ஆயத்தமாகிவிட்ட நிலையில், வண்டி ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் செய்தார். இரு பாதிகளையும் விலக்கி விலக்கி வைத்துப் பார்த்தார். 4 அங்குல இடைவெளியில் அவருக்குத் திருப்தி உண்டாயிற்று. அதற்குள் பம்பர்கள் பழைய அளவிலே செய்யப்பட்டுக் குவிந்துவிட்டன. ஆகவே அவற்றை நடுவில் வெட்டி, 4 அங்குலத் துண்டு ஒன்றை இடையிலே வைத்து இணைத்தார்கள். பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான மேடு அந்த அகலிப்பின் அடையாளம்.

எஞ்சினின் கதையும் அவ்வாறே. முதல் மைனர்களில் மொரிஸின் சொந்த எஞ்சின் இருந்தது. 1952இல் மொரிஸும் ஒஸ்ரினும் ஒரே நிறுவனமாக இணைந்த பின்னரே ஒஸ்ரின் ஏ-30இன் 803 சி.சி. எஞ்சின் மைனருக்குள் வந்தது. எங்கள் வண்டியின் ‘அசல்’ எஞ்சினே ஒரு காலத்துப் போட்டியாளரின் வீட்டிலிருந்து வந்ததுதான். பத்து இலட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் என்ற பெருமை பெற்று, மொத்தம் 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட அந்த வண்டி, பிறக்கும் முன்பே அறுத்து ஒட்டப்பட்டது. பிறந்த பின்பும் மாறி மாறியே வளர்ந்தது.

இதனால் அசலுக்கும் போலிக்கும் வேறுபாடு இல்லை என்று சொல்ல வரவில்லை. வேறுபாடு உண்டு, அதை அந்தப் பம்பரே காட்டுகிறது. ஒட்டிய துண்டை அவர்கள் மறைக்கவில்லை. எல்லோரும் காணும்படி முன்னாலேயே பூட்டி அனுப்பினார்கள். அப்பாவின் கணக்குப் புத்தகமும் அந்தத் துண்டைப் போன்றதுதான். மாற்றம் குற்றமன்று. மாறியதை மாறவில்லை என்று சாதிப்பதே குற்றம். அந்தக் குற்றத்தைத் தகடு அடிக்காமலே பல ஆண்டுகளாக நான் செய்து வந்திருக்கிறேன்.

அண்ணையிடம் சென்று வேண்டாம் என்றேன். அவர் கோபிக்கவில்லை, “நல்லது மாஸ்ரர்” என்றார். அந்தச் சொல்லில் ஒரு நிம்மதி இருந்ததாக எனக்குப் பட்டது. அதன்பின் கொழும்பு அன்பருக்கு எழுதினேன். ஒரு பக்கத்தில் மாறாதவை: உடல், அடிச்சட்டம், கண்ணாடிகள், கைகாட்டிகள், வேகமானி. மறுபக்கத்தில் மாறியவை: எஞ்சின், கியர்ப் பெட்டி, பின்னிருக்கை, தகரச் சுவரின் இரண்டு துளைகள். ஒவ்வொன்றின் எதிரிலும் ஆண்டையும் காரணத்தையும் எழுதினேன். முன்னர் நான் சொன்னது தவறு என்றும், அறியாமல் சொன்னதாயினும் ஆராயாமல் சொன்னதற்கு வருந்துகிறேன் என்றும் முடித்தேன். எழுதும்போது கை நடுங்கியது. அந்தக் கடிதத்தின் விலை எவ்வளவு என்பது எனக்குத் தெரியும், தங்கைக்கும் தெரியும். அஞ்சலில் சேர்க்குமுன் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். “அப்பாவும் இப்பிடித்தான் எழுதியிருப்பார்” என்றாள்.

இரண்டு வாரங்களில் பதில் வந்தது. அவர் தாம் சொன்ன சொல்லைக் காத்தார். விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தே வாங்கினார். அதில் அவரைக் குறை சொல்ல இடமில்லை. தங்கையின் கடன் முழுவதும் தீரவில்லை. மீதியை இருவரும் சேர்ந்து இரண்டு ஆண்டுகளில் அடைத்தோம். அவர் ஒன்று மட்டும் கேட்டார்: அந்தத் துளைகளை அடைக்க வேண்டாம், கணக்குப் புத்தகத்தையும் வண்டியோடு தர இயலுமா? பிரதி எடுத்துக் கொடுத்தேன். மூலப் புத்தகம் தங்கையிடமே இருக்கிறது.

விற்பனைக்கு முன்னர் செய்யவேண்டிய வேலை ஒன்று இருந்தது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்து, வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டி, எஞ்சின் மாற்றத்தை அறிவித்தேன். பல முறை அலைந்தேன். தாமதத்துக்கான காரணத்தைப் பல மேசைகளில் விளக்கினேன். இறுதியில் 10 எம்.ஏ. என்று தொடங்கும் இலக்கம் முறைப்படி எழுதப்பட்டது.

அன்று மாலை தங்கையின் வீட்டு விறாந்தையில் அமர்ந்து, அப்பாவின் புத்தகத்தில் 1991ஆம் ஆண்டுப் பக்கத்தை விரித்தேன். “பிறகு பதிய வேண்டும்” என்ற வரியின் கீழே ஒரு வரிக்குப் போதுமான இடம் இருந்தது. திகதியை இட்டு, “பதியப்பட்டது” என்று எழுதினேன்.